ஊத்தங்கரைச் சுவர்களும் ஒரு சிலோன் மேஸ்திரியும்

கல்லாவிக்காரன்

பாம்பாறு அணை இலங்கை அகதிகள் முகாமில் குடியிருந்த பெயிண்டர் மேஸ்திரி சென்ற மாதம் காலமானார். ஊத்தங்கரை, கல்லாவி, சிங்காரப்பேட்டை, சாமல்பட்டி என்று இந்த வட்டாரம் முழுவதும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் என்பதால் இங்கே பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். 'சிலோன் மேஸ்திரி' என்று சொன்னாலே போதும், யாரும் மேற்கொண்டு அடையாளம் கேட்டதில்லை. பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அவ்வாறே எழுதும்படி வேண்டுகிறேன்.

நான் அறிந்தவரை, அவர் மன்னார் மாவட்டத்தில் முருங்கனுக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர். கட்டுக்கரைக் குளத்துப் பாசனத்தில் நெல் விளையும் பூமி அது. விதைப்புக்கும் அறுப்புக்கும் வயலுக்குப் போவார், மற்ற மாதங்களில் கட்டட வேலை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது மனைவியையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறி இராமேசுவரம் வந்தார். மண்டபத்தில் பதிவு முடிந்ததும் பேருந்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அப்போது ஊத்தங்கரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அவருடைய அகதி அட்டையில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியது.

ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் வண்ணம் பூசியவருக்குச் சொந்தமென்று ஒரு சுவர்கூட இல்லாமல் போனதை நினைத்தால் மனம் கனக்கிறது. அவரோடு பழகியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

தலைமையாசிரியர் (ஓய்வு)

நான் பணியாற்றிய பள்ளியில் ஒவ்வொரு மே மாதமும் அவர்தான் வெள்ளையடிப்பார். அந்த வேலையை அவர் செய்த முறையை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது, ஏனென்றால் இப்போது அப்படிச் செய்கிறவர்களை நான் பார்ப்பதில்லை.

சுண்ணாம்புக் கல் வந்து இறங்கியதும் பள்ளியின் பின்புறம் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். கல் கொதித்து, பூத்து, ஆறி, வெண்ணெய்ப் பதத்துக்கு வரும்வரை சில நாள்கள் அப்படியே ஊற வேண்டும். எங்களுக்கோ எப்போதும் அவசரம். காலையில் கரைத்துப் பிற்பகலில் அடித்துவிட்டால் என்ன என்று நான் கேட்டபோது, சரியாக நீறாத துணுக்கு சுவரில் போன பிறகு ஈரம் குடித்து வீங்கிப் பொரிந்து விழும் என்றும், பிள்ளைகளின் சட்டையில் வெள்ளை ஒட்டுவதற்கு அந்த அவசரமே காரணம் என்றும் பொறுமையாக விளக்கினார். நீறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, உப்பும் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையும் சேர்த்து, நீலம் ஒரு சிட்டிகை கலப்பார். பால் போல நீர்த்த கலவையை மட்டையால் மூன்று தடவை அடிப்பார். கெட்டியாக ஒரே தடவை அடித்துவிட்டுப் போகும் ஆட்களை அவருக்குப் பிடிக்காது.

அவர்கள் ஊர்ப் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு, நம் ஊரில் கல் சுண்ணாம்பு. வந்த புதிதில் இங்குள்ள கல்லின் குணம் புரியாமல் இரண்டு மூன்று இடங்களில் திணறியதாகச் சொல்லியிருக்கிறார். ஊத்தங்கரைச் சுண்ணாம்புக் காளவாய்க்காரர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டாராம். முப்பது வயதில், ஊர் விட்டு ஊர் வந்து, தெரிந்த தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்க உட்கார்ந்த மனிதர் அவர்.

சிங்காரப்பேட்டை

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்பது மரபு. இருந்தாலும் எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லாவிட்டால் இந்த உரையாடல் இழை பாதி உண்மையாகத்தான் இருக்கும். என் அக்காவின் திருமணத்துக்கு முன்பு, 1997 என்று நினைவு, முன்கூடத்துக்கு டிஸ்டெம்பர் அடிக்க அவரை அழைத்திருந்தோம். மூன்று சுவர்களை முடித்துவிட்டு, நான்காவது சுவர் பாதியில் நிற்கும்போது அடுத்த நாள் வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, அப்பா கெஞ்சிப் பார்த்தார், அவர் அசையவில்லை. மறுநாள் வேறு ஆளைப் பிடித்து முடித்தோம். அந்த நான்காவது சுவரின் நிறம் மற்ற மூன்றோடு சேரவேயில்லை. திருமணப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அது தெரிகிறது. கைத்திறன் உள்ளவர்தான், மறுக்கவில்லை. வாக்குக் கொடுத்த வேலையை நடுவில் விட்டுப் போவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அணைமேடு

சிங்காரப்பேட்டை நண்பருக்கு: அவர் விட்டுப் போன அந்த மறுநாள் அநேகமாகத் தணிக்கை நாளாக இருந்திருக்கும். வருவாய்த் துறை அலுவலர் முகாமுக்கு வந்து அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கணக்கெடுப்பார். அன்று ஆள் இல்லாவிட்டால் அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடையும் அரிசியும் நிற்கும், பதிவே நீக்கப்படவும் கூடும். பதிவு போனால் மனைவி மக்களோடு முகாமில் இருப்பதற்கே வழியில்லை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு கெடுபிடி எவ்வளவு இறுகியது என்பதை அந்தக் காலத்து ஆட்கள் அறிவார்கள். மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிலையெல்லாம் இருந்தது. உங்கள் நான்காவது சுவரையும் தன் குடும்பத்தின் பதிவையும் ஒருவர் எடைபோட வேண்டி வந்தால் எது கீழே இறங்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் இத்தனை பேர் பெயிண்டர்களாக இருப்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. நிலம் வாங்க முடியாது, கடை வைப்பதற்குக் காகிதம் கேட்பார்கள், வங்கிக் கடன் கிடைக்காது. மாதச் சம்பள வேலைக்குப் போனால் தணிக்கை நாளில் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டும். பெயிண்டிங் நாள் கூலி வேலை. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம், அடுத்த நாள் போகாவிட்டாலும் தொழில் கெட்டுவிடாது, கருவிக்கும் பெரிய முதல் வேண்டாம். மேஸ்திரி ஊரில் கொத்து வேலை தெரிந்தவர், இங்கேயும் அதையே செய்திருக்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தைத் தொடங்கினால் மாதக்கணக்கில் தொடர்ந்து போக வேண்டும் என்பதால்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மட்டையை எடுத்தார்.

சிங்காரப்பேட்டை

விளக்கத்துக்கு நன்றி. இதை அன்று அப்பாவிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் நாங்களும் வேலையை இரண்டு நாள் முன்பே தொடங்கியிருப்போம் என்பதுதான் என் வருத்தம். அவர் காரணமே சொல்லவில்லை.

மேஸ்திரியின் மூத்த மகள்

அப்பாவைப் பற்றி இப்படி ஓர் இழை ஓடுவதாகத் தம்பி சொன்னான். எல்லாவற்றையும் படித்தேன். படகில் வந்த அந்த இரண்டு வயதுக் குழந்தை நான்தான்.

சிங்காரப்பேட்டை அண்ணா, காரணம் சொல்லாதது அப்பாவின் குணம். 'தணிக்கை' என்று சொன்னால் கேட்கிறவர் முகத்தில் ஓர் இரக்கமோ சந்தேகமோ வரும். இரண்டில் எது வந்தாலும் அவருக்குப் பிடிக்காது. இரக்கம் வந்தால் கூலியைக் கூட்டிக் கொடுப்பார்கள், சந்தேகம் வந்தால் வேலையே கொடுக்க மாட்டார்கள், இரண்டுமே என் கைக்கான கூலி இல்லை என்பார். நாளைக்கு வர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். இதனால் அவருக்கு நிறையக் கெட்ட பெயர் வந்திருக்கிறது. அம்மா இதற்காக அவரோடு சண்டை பிடித்ததும் உண்டு.

வீட்டில் அவர் எப்படி என்று எழுதச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. முகாமில் எங்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து அறை. அதில் நாங்கள் மூவரும், பிறகு தம்பியும், கொஞ்சக் காலம் ஊரிலிருந்து வந்த அப்பாச்சியும் (அப்பாவின் அம்மா) இருந்தோம். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் எங்களைத் தூக்குவார். எனாமல் அடித்த நாளில் தலைவலியோடு வருவார், அன்று மட்டும் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். கூலியை அம்மாவிடம் முழுதாகக் கொடுத்துவிட்டு, பீடிக்கு அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்வார். கிலோ 57 காசு அரிசி முகாமில் கிடைத்தது. அது தீர்ந்த பிறகு மாதக் கடைசியில் அம்மா இங்குள்ளவர்களிடம் கற்றுக்கொண்ட ராகிக் களி. முதல் வருடம் அப்பா அதை மென்று தின்னப் பார்த்தாராம். இரண்டாம் வருடம் கல்லாவியில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது அந்த வீட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கக் கற்றுக் கொடுத்தார். கடைசி வரை களிக்குத் தேங்காய்ச் சம்பல் தொட்டுக்கொண்டது மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆகஸ்டு 15 அன்று எந்த வீட்டு வேலைக்கும் போக மாட்டார். சுதந்திர தின விடுமுறை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அன்று மடு மாதா திருவிழா.

கல்லாவி அண்ணா எழுதிய ஒரு வரியை மட்டும் மறுக்கிறேன். சொந்தச் சுவர் இல்லை என்று அவர் வருந்தி நான் கேட்டதில்லை. எங்கள் அறையின் சுவருக்கு ஒவ்வொரு தைக்கும் முன்னால் அவரே அடிப்பார், மீதமான வண்ணங்களைக் கலந்து அவருக்குத் தோன்றிய நிறத்தில். அவர் வருந்தியதெல்லாம் தம்பியின் படிப்பைப் பற்றித்தான்.

சாமல்பட்டி சந்திப்பு

தம்பியின் படிப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாமா? எழுத விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மேஸ்திரியின் மூத்த மகள்

எழுதுவதில் தயக்கமில்லை. தம்பி 1993-இல் இங்கேதான் பிறந்தான். இயந்திரவியல் பட்டயப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறி, கடைசியில் ஆவணம் சரிபார்க்கும் மேசையில் திருப்பி அனுப்பப்பட்டான். 1987 ஜூலைக்கு முன்பு இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பினாலேயே குடியுரிமை. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தத் தேதிக் கணக்கைத் தம்பி அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டான். இப்போது ஒப்பந்தத் தொழிலாளியாக வேறோர் இடத்தில் இருக்கிறான். அவனைப் படிக்க வைத்ததற்காக அப்பா தன்னைத்தானே நொந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. தொழிலைக் கற்றுக் கொடுத்திருந்தால் யாரிடமும் காகிதம் காட்ட வேண்டியிருந்திருக்காதே என்று புலம்புவார். அம்மா விடவில்லை. படித்தது வீணாகாது என்று அவனை நிமிர்த்தியது அம்மாதான்.

கல்லாவிக்காரன்

இந்தச் செய்தி ஒன்றே போதும், இது ஓர் அகதியின் வாழ்க்கை என்று நான் தொடங்கியதில் தவறில்லை என்பதற்கு. 2021-இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படியே தமிழ்நாட்டு முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், 7,469 புதிய வீடுகளை அறிவித்தார்கள், பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். வரவேற்க வேண்டியவைதான். ஆனால் 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் ஊரில் உழைத்து அங்கேயே மண்ணுக்குள் போனவரைப் பற்றிப் பேசும்போது இவற்றை ஒதுக்கிவிட்டு அவருடைய மட்டையையும் தொட்டியையும் மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தென்பெண்ணை

நான் அவரிடம் ஒன்பது ஆண்டுகள் கையாளாக இருந்து தொழில் கற்றவன். ஊத்தங்கரைக்காரன்தான், முகாமைச் சேர்ந்தவன் அல்ல.

கல்லாவி அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அவர் காதுபட யாராவது 'பாவம், அகதி' என்று சொன்னால் அவர் அந்த வீட்டில் அதற்கு மேல் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். அவருக்கு இருந்தது தொழில்காரனுடைய திமிர். அந்தத் திமிரைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் சொன்னால் இங்கே எழுதப்படுவது வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையாகிவிடும்.

வேலையில் அவருடைய முதல் விதி, சுவரைப் படிக்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. நம் பகுதியில் பழைய வீடுகள் கருங்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டியவை, அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. கட்டும்போது அந்தத் தண்ணீரில் சாந்து குழைத்த சுவர் சில ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். இப்படிப்பட்ட சுவரில் பட்டி பார்த்து (சுவர் மாவு பூசி) எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியே போக வழியின்றி உள்ளே தங்கி, இரண்டு மழைக்குள் தோல் உரிவதுபோல உரியும். 'சுவர் மூச்சு விட வேணும், தம்பி' என்பார். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியேற விடும். 2000-க்குப் பிறகு ஊத்தங்கரையில் விடுதிப் பள்ளிகள் பெருகி, பளபளவென்ற நிறங்களுக்கு எல்லோரும் மாறியபோது, பழைய கல் வீட்டுக்காரர்களிடம் வாதாடி, வேலையையே இழந்தாலும் இழப்பாரே தவிர எமல்ஷன் அடிக்க ஒப்ப மாட்டார். அதனால் எங்களுக்குக் கூலி போயிருக்கிறது, எனக்கு அப்போது கோபம்தான். புதுச் சிமெண்ட் சுவர் என்றால் அவரே எமல்ஷனைத்தான் சொல்வார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கையை வைத்துத் தடவிப் பார்த்து, எங்கே சொரசொரப்பு இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு பென்சில் புள்ளி வைத்துவிட்டுப் போவார். மறுபடி வரும்போது புள்ளி இருக்கக் கூடாது.

சாரம் கட்டுவதிலும் அப்படித்தான். சவுக்குக் கம்பு, கயிறு, முடிச்சு எல்லாவற்றையும் அவரே இழுத்துப் பார்த்த பிறகே எங்களை ஏற விடுவார். இன்னொருத்தன் பிள்ளையை நான் ஏற்றுகிறேன் என்பார். அவரிடம் வேலை செய்த யாரும் விழுந்ததில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை நம் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பிந்தைய மாதத்தைச் சொல்ல வேண்டும். வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பொங்கல் வருகிறதென்று சேறு படிந்த சுவர்களுக்கு உடனே வண்ணம் அடிக்க ஊரே துடித்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது அறுவடைக் காலம். அவருக்கு அப்போது நடக்கவே முடியவில்லை, மூச்சு வாங்கும். அப்படியும் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாக வந்து, இந்தப் பொங்கலுக்கு அடிக்காதீர்கள், சேற்றைக் கழுவிவிட்டுச் சன்னலைத் திறந்து போட்டுச் சித்திரை வெயில் படும்வரை விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். என் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று நான் கேட்டதற்கு, இப்போது அடித்தால் வைகாசியில் உரியும், அப்போது உன்னைத்தான் ஏசுவார்கள் என்றார். கேட்டவர்கள் சிலர், கேட்காதவர்கள் பலர். கேட்காதவர்கள் வைகாசியில் என்னை அழைத்தார்கள்.

தலைமையாசிரியர் (ஓய்வு)

தென்பெண்ணை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பள்ளிக் கரும்பலகைகளுக்கும் அவர்தான் பூசுவார். அடுப்புக்கரியோடு கோவை இலையை அரைத்துப் பூசும் நம் ஊர் முறையை என் தந்தை காலத்து ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு செய்து வந்தார்கள். அதைக் கேட்டறிந்து, கடையில் வாங்கும் கறுப்பு வண்ணத்தின் மேல் ஒரு தடவை இதையும் பூசிப் பார்த்தார். சுண்ணக்கட்டி வழுக்காமல் எழுதியது. கூலி கேட்டபோது சிரித்துக்கொண்டே, இது வேலையில்லை சார், சோதனை என்று சொல்லிவிட்டார்.

சாமல்பட்டி சந்திப்பு

எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் அவர் அடித்த ஒரு நிறம், வெளிர் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கும், பதினான்கு ஆண்டுகளாக மங்கவில்லை. பக்கத்தில் புதிதாக அறை கட்டியிருக்கிறோம். அதே நிறம் வேண்டுமென்று மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன், வண்ண அட்டையில் எதுவும் ஒத்துவரவில்லை.

மேஸ்திரியின் மூத்த மகள்

அது அட்டையில் இருக்காது அண்ணா, அப்பா கலந்ததாக இருக்கும். அவர் நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. ஊர், தெரு, வீட்டுக்காரர், எந்தச் சுவர், எந்த வண்ணத்தில் எத்தனை பங்கு, எத்தனை தடவை என்று எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களில் கூலி பாக்கியும் இருக்கிறது, அதை நாங்கள் யாரிடமும் கேட்கப் போவதில்லை. உங்கள் தெருவையும் ஏறத்தாழ ஆண்டையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

சிங்காரப்பேட்டை

1997-இல் எங்கள் வீட்டுக் கணக்கும் அதில் இருக்கிறதா? மூன்று சுவருக்கான கூலியை அப்பா முழுதாகக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். பாக்கி இருந்தால் நீங்கள் கேட்காவிட்டாலும் நான் கொடுப்பேன்.

மேஸ்திரியின் மூத்த மகள்

பார்த்தேன் அண்ணா. மூன்று சுவருக்கும் அன்றே கொடுத்திருக்கிறார்கள், பாக்கி இல்லை. பக்கத்தில் 'நாலாவது சுவர்: மஞ்சள் அரைப் பங்கு கூட்ட வேணும், வெளிச்சம் குறைவு' என்று எழுதியிருக்கிறது.

தென்பெண்ணை

சாமல்பட்டி அண்ணா, பங்கு தெரிந்துவிட்டால் நான் கலந்து தருகிறேன். ஆனால் புது அறைச் சுவர் காய்ந்துவிட்டதா என்று முதலில் நேரில் பார்க்க வேண்டும். பூச்சு முடிந்து எத்தனை வாரம் ஆகிறது, எந்தத் தண்ணீரில் குழைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டுமென்றால் ஆவணிக்குள் தொடங்கியாக வேண்டும்.